ஹால் அதிர்கிறது, வசனம் புரியவில்லை: சப்வூஃபரையும் சென்டர் ஸ்பீக்கரையும் எங்கே வைப்பது?

புது ஸ்பீக்கர் செட் வாங்கியதும் பெரும்பாலும் நடப்பது இதுதான். டிவிக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் மூலையில் சப்வூஃபரை, அதாவது கனத்த அடியொலியான பேஸை மட்டும் தரும் பெட்டியை, தள்ளிவிடுவோம். ஷோகேஸில் எந்தத் தட்டு காலியோ அதில் வசனம் ஒலிக்கும் சென்டர் ஸ்பீக்கரைச் செருகிவிடுவோம். அப்புறம் சத்தம் சரியில்லை என்று மாதக்கணக்கில் ரிமோட்டோடு மல்லுக்கட்டுவோம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என ஆறு பக்கமும் கெட்டியாக இருக்கும் சென்னை ஹாலில் ரிமோட்டால் தீர்வது கொஞ்சம்தான். பெட்டியையும் சோபாவையும் நகர்த்தினால் தீர்வது நிறைய. அதனால் எந்தக் குறையானாலும் முதலில் இடம், அப்புறம் வயர், கடைசியில் செட்டிங் என்ற வரிசையில் போங்கள். புதிதாக எதையும் வாங்குவது அதற்கும் பிறகு.

கையில் ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும். மொபைலில் இலவசமாகக் கிடைக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் ஒலியை ப்ளூடூத் வழியாகவோ வயர் வழியாகவோ ரிசீவருக்கு (எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ஆம்ப் பெட்டி) கொடுக்க வேண்டும். மொபைல் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது. தொடர்ந்து ஒலிக்கும் டோன் சப்பின் காயிலைச் சூடாக்கும் என்பதால் வால்யூமைக் குறைவாகவே வையுங்கள்.

எந்தப் படம் போட்டாலும் ஒரே ‘தும்… தும்…’

பறை, வெடிகுண்டு, லாரி எஞ்சின் எல்லாமே ஒரே சுருதியில் இடிக்கிறதா? சப் கெட்டுப்போகவில்லை, அறைதான் பாடுகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே சில அலைவெண்கள் மட்டும் மோதி மோதி நிலைத்து நிற்கும். அந்த அலைவெண் வரும்போதெல்லாம் பேஸ் பல மடங்காகத் தெரியும், நின்ற பிறகும் இழுக்கும்.

உங்கள் ஹாலின் அலைவெண்ணை நீங்களே கணக்கிடலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். அதை வைத்துப் பார்த்தால், 573ஐச் சுவருக்குச் சுவர் உள்ள அடிக்கணக்கால் வகுத்தால் விடை வந்துவிடும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 48, 14 அடிக்கு 41. இப்போது கூரையையும் அளந்து பாருங்கள். நம் ஃப்ளாட்டுகளில் பெரும்பாலும் 10 அடியை ஒட்டித்தான் இருக்கும். ஹாலின் அகலமும் 10 அடியாக அமைந்துவிட்டால் இரண்டும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். நீளம் 20 அடியாக இருந்தால் அதன் இரண்டாவது அலையும் அதே 57இல் வந்து சேரும். தனியாக டைனிங் இல்லாத நீள ஹால்களில் கேட்கும் ‘தும்’ பல நேரம் இந்தக் கூட்டணிதான்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வழிகாட்டிகளைப் படித்துவிட்டு மூலையில் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர். அது தானும் கொஞ்சம் அசைந்து பேஸில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் ஒன்பது இஞ்ச் சுவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி அனுப்பும். தரையோடு ஒரு சுவர் சேர்ந்தால் ஆழமான பேஸ் 6 டெசிபல் வரை கூடும், இரண்டாவது சுவரும் சேர்ந்தால் இன்னொரு 6 வரை. மூலை என்பது எல்லா அலைகளையும் ஒரே நேரத்தில் தட்டி எழுப்பும் இடம்.

எனவே சப்பை மூலையிலிருந்து எடுத்து, டிவி இருக்கும் சுவரை ஒட்டியே இரண்டு மூன்று அடி உள்ளே கொண்டுவாருங்கள். அப்போதே வித்தியாசம் தெரியும். சுவரிலிருந்து முன்பக்கமாக நாலு அடி இழுத்துவிடாதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையை எதிர்த்து 70 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். சுவரிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்குள் இருந்தால் அந்தப் பள்ளம் சப்பின் எல்லைக்கு மேலே போய்விடும். பின்பக்கம் போர்ட் துளை உள்ள சப் என்றால் துளைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும்.

அடுத்தது சோபா. பின்சுவரில் முதுகு ஒட்டிய சோபாதான் நம் ஊரில் வழக்கம், பேஸ் மிக அதிகமாகக் குவியும் இடமும் அதுவே. ஒன்றரை அடி முன்னே இழுத்தாலே காதுக்குத் தெரியும். ஹால் நீளத்தில் ஒரு சுவரிலிருந்து 38 சதவீத தூரத்தில் உட்காருவது நல்லது என்பது ஸ்டூடியோக்காரர்களின் கணக்கு. 14 அடி ஹாலில் அது 5 அடி 4 இஞ்ச். நடுக்கூடத்தில் சோபா போட வீட்டில் சம்மதித்தால் செய்யுங்கள். நான் பார்த்தவரை யாரும் சம்மதிப்பதில்லை.

சுவரில் முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் ஒட்டினால் சரியாகுமா என்று கேட்பார்கள். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. ஒரு இஞ்ச் ஃபோம் அதற்குக் கண்ணுக்கே தெரியாது. கைத்தட்டினால் வரும் எதிரொலியை அது கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். ரிசீவரில் ஈக்வலைசர் இருந்தால், டோன் போட்டுப் பார்த்து அந்த ஒரு அலைவெண்ணை மட்டும் சில டெசிபல் இறக்குங்கள். இடம் மாற்றிய பிறகு செய்ய வேண்டிய வேலை இது.

சோபாவில் பேஸே இல்லை, சமையலறை வாசலில் இடிக்கிறது

முந்தைய குறையின் மறுபக்கம் இது. நிலைத்து நிற்கும் அலைக்கு மேடு உண்டு, பள்ளமும் உண்டு. முதல் அலையின் பள்ளம் அறையின் நட்டநடுவில் விழும், நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கலாம். இங்கே கெயினை, அதாவது சப்பின் சத்த அளவுத் திருகை, ஏற்றுவது வீண். பள்ளத்துக்கு எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது, சமையலறை வாசலில்தான் இன்னும் இடிக்கும்.

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு, இன்றுவரை அதை மிஞ்சியது வரவில்லை. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், முடிந்தால் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சப் வைக்க வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் குனிந்து, காதைத் தரையருகே கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கே பேஸ் தெளிவாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். ஒலி போகும் பாதை இரு திசையிலும் ஒன்றே என்பதால் இது வேலை செய்கிறது. வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இதைச் செய்யும்போது ஜன்னலும் கதவும் நீங்கள் படம் பார்க்கும் நிலையிலேயே இருக்கட்டும். ஏசி போட்டு எல்லாவற்றையும் மூடி வைத்த ஹாலும், கடல்காற்றுக்காக பால்கனிக் கதவைத் திறந்து வைத்த ஹாலும் பேஸைப் பொறுத்தவரை இரண்டு வேறு அறைகள்.

சப் ஓடுகிறது, ஆனால் அடி விழுவதில் வலுவில்லை

சப்பும் முன் ஸ்பீக்கர்களும் கிராஸ்ஓவர் (எந்த அலைவெண்ணுக்குக் கீழே ஒலி சப்புக்குப் போகிறது என்ற எல்லை) அருகே ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் இப்படி ஆகும். முதலில் எல்லா ஸ்பீக்கரிலும் சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வயரில் நிறம் பிரித்துத் தெரியவில்லை என்றால், ரிசீவரிலிருந்து கழற்றிய வயர் முனையில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர் ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகிறது என்றால் வூஃபரின் கோன் வெளியே துள்ளும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ள வேண்டும்.

அப்புறம் சப்பின் பின்னால் உள்ள, அதன் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச். கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்றால் 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை 0க்கும் 180க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் அதிகமோ அதுவே சரி.

ரிசீவரில் ஸ்பீக்கர் தூரம் கேட்கும் இடத்திலும் பிசகு வரும். ஒரு மில்லி செகண்டுக்கு ஒலி சுமார் 35 சென்டிமீட்டர் போகும் என்பதால் மூன்று நான்கு அடி தவறாகக் கொடுத்தாலே சேர்க்கை கெடும். ஆனால் மைக் வைத்துத் தானாக அளக்கும் ரிசீவரில், எட்டு அடியில் இருக்கும் சப்புக்குப் பன்னிரண்டு, பதினைந்து அடி என்று காட்டினால் அதைத் ‘திருத்த’ வேண்டாம். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, ரிசீவர் அந்தத் தாமதத்தையும் சேர்த்துத்தான் தூரமாகச் சொல்கிறது.

அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் படுக்க வைக்காமல் காது உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டெனான் போன்ற ரிசீவர்களில் சப் அளவு -12 என்று முடிந்தால், சப்பின் கெயினைக் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும் என்று பொருள். ரிசீவரே கிராஸ்ஓவரைப் பார்த்துக்கொள்ளும்போது சப்பில் உள்ள கிராஸ்ஓவர் திருகை அதன் அதிகபட்சத்தில் வைத்துவிடுங்கள். இரண்டு வடிகட்டி ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம்.

சப் எந்த மூலையில் இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திசை கண்டுபிடிப்பது காதுக்குக் கடினம். கண்டுபிடிக்கிறது என்றால் சப்புக்கு அதைவிட மேலே உள்ள ஒலியும் போகிறது. செட்டோடு வரும் கையளவு சாட்டிலைட் ஸ்பீக்கர்களில் இது தவிர்க்க முடியாதது, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவற்றால் இறங்க முடியாது. அப்படிப்பட்ட செட்டில் சப்பை அறையில் எங்கேயோ ஒளித்துவைக்கக் கூடாது. டிவிக்கு நேர் கீழே அல்லது இடதோ வலதோ ஓரிரு அடிக்குள் வையுங்கள். ஆண் குரல் சப்பிலிருந்து வருவது போன்ற கூத்து அப்போது நிற்கும்.

டிவி பக்கத்தில் காந்தம் வைத்தால் படத்தில் நிறம் கெடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். பிக்சர் டியூப் டிவிக் காலத்தில் அது உண்மைதான். எல்இடி டிவிக்கு அந்த பயம் வேண்டாம்.

வசனம் புரியவில்லை, சண்டைக்காட்சியில் காது கிழிகிறது

அதிகம் கேட்கும் புலம்பல் இது. 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) ஒலியுள்ள படத்தில் வசனத்தின் பெரும்பகுதி சென்டரில்தான் வருகிறது. ஆனால் வீட்டில் மிக மோசமான இடம் கிடைப்பதும் அதற்குத்தான்.

உயரத்தைப் பாருங்கள். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் இருக்கும். பாய் போட்டுத் தரையில் உட்கார்ந்தால் ஓர் அடி குறையும். நம் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டோடு பாதிப்பேர் தரையில், மீதிப்பேர் சோபாவில். சென்டரின் ட்வீட்டர் (கூர்மையான ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) இந்த இரண்டு உயரத்துக்கும் நடுவே குறிபார்த்தால் போதும். டிவியை ஐந்தடியில் மாட்டியிருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அதன் அடியிலேயே சென்டருக்குச் சரியான உயரம் கிடைத்துவிடும். தாழ்வான யூனிட்டில் இருந்தால் முன்பக்கத்தின் அடியில் ரப்பர் டோர் ஸ்டாப்பர் இரண்டைச் செருகிக் காதை நோக்கி நிமிர்த்துங்கள். ஐம்பது, நூறு ரூபாயில் முடிகிற வேலை, கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிட இது அதிகம் மாற்றும்.

தட்டுக்குள் ஆழமாகத் தள்ளியிருந்தால் குரல் குடத்துக்குள் பேசுவது போல இருக்கும். பக்கப்பலகையும் மேல்பலகையும் சேர்ந்து 100, 200 ஹெர்ட்ஸ் பகுதியை ஊதிப் பெரிதாக்குகின்றன. சென்டரின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி, முடிந்தால் அரை இஞ்ச் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். பெட்டியைச் சுற்றி மிஞ்சும் இடைவெளியில் பழைய துண்டை மடித்துத் திணித்தால் போதும். முன்னால் கண்ணாடிக் கதவு இருந்தால் படம் பார்க்கும்போது திறந்துவிடுங்கள். முகத்துக்கு முன்னே தட்டில் ரிமோட், கடிகாரம், கொலு பொம்மை எதுவும் வேண்டாம்.

நடுவில் உட்கார்ந்தவருக்குத் தெளிவு, ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கல் என்றால் காரணம் வேறு. இரண்டு வூஃபருக்கு நடுவே ஒரு ட்வீட்டர் என்று படுக்க வைத்த சென்டர்களில், பக்கவாட்டில் நகர நகர இரண்டு வூஃபரின் ஒலியும் காதுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சில இடங்களில் அழிந்துபோகும். ஓரத்து இருக்கைகளை நடுப்பக்கம் நெருக்குங்கள், அல்லது சோபாவை இன்னும் பின்னே தள்ளுங்கள், கோணம் குறையும். பின்னே தள்ளினால் பேஸ் குவியுமே என்றால், ஆமாம், இதில் இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது. எனக்கு வசனம்தான் முக்கியம்.

மின்விசிறியை மறந்துவிடாதீர்கள். ஐந்தில் சுற்றும் ஃபேனின் இரைச்சல் மெதுவான வசனத்தை அப்படியே மூடிவிடும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. சென்டர் அளவை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள், அதற்குத்தான் அந்த செட்டிங் இருக்கிறது. இரவில் ‘நைட் மோட்’ அல்லது டைனமிக் ரேஞ்ச் குறைக்கும் வசதியைப் போட்டால் வசனத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் உள்ள தூரம் சுருங்கும்.

சென்டரில் சத்தமே வரவில்லை

டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று இருந்தால் பெரும்பாலான டிவிகள் ரிசீவருக்கு இரண்டு சேனல் மட்டும்தான் அனுப்பும். பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ வயர் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய படம், கேபிள் சேனல் என்றால் மூலமே ஸ்டீரியோதான். ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது புரோலாஜிக் போட்டால் குரல் நடுவுக்கு வரும்.

வால்யூம் ஏற்றினால் சென்டர் கரகரக்கிறது

ரிசீவர் செட்டிங்கில் சென்டரை ‘லார்ஜ்’ என்று விட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி கிராஸ்ஓவராக 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் கொடுங்கள். முடிந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போர்டு வாங்கி அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி பல நேரம் இருக்காது. சின்ன சென்டருக்கும் முழு பேஸ் போய் கோன் தவிக்கும். எளிய வழி, சென்டருக்குப் போகும் சிவப்பு வயரில் தொடராக ஒரு கெப்பாசிட்டர். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 220 மைக்ரோ ஃபேரட் போட்டால் சுமார் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கும், 4 ஓமுக்கு 470 போடலாம். கடையில் ‘நான் போலார்’ என்று கேட்டு வாங்குங்கள், 100 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். சாதாரண எலக்ட்ரோலைட்டிக் ஒன்றை அப்படியே போட்டால் சூடாகி வெடிக்கக்கூடும்.

எங்கேயோ ஏதோ நடுங்குகிறது

20 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை டோனை மெதுவாக ஏற்றுங்கள். நடுங்கும் அலைவெண் வந்ததும் அங்கேயே நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். கை வைத்ததும் சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். ஷோகேஸ் கண்ணாடி, பித்தளைக் குத்துவிளக்கின் தட்டு, பீரோ கதவு, லாஃப்ட் கதவு, ஸ்லைடிங் ஜன்னல், கொசுவலைச் சட்டம் என்று சந்தேகப்பட நிறைய இருக்கும். கண்ணாடிக்கு ரப்பர் பீடிங், கதவுக்குச் சின்ன ஃபெல்ட் வில்லை. சப்பை ஷோகேஸின் அதே பலகை மேல் வைத்திருந்தால் முதலில் அதைத் தரைக்கு இறக்குங்கள்.

படம் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்

50 அல்லது 100 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் மின்சாரத்திலிருந்து வருவது. ரிசீவரிலிருந்து சப்புக்கு வரும் ஆர்சிஏ வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் சப்பில் குறையில்லை. அடுத்து, வயரைத் திரும்ப மாட்டி, செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இங்கேதான் நிற்கும். மொட்டை மாடியிலிருந்து வரும் அந்த வயர் வேறொரு எர்த்தைத் தொட்டுக்கொண்டு வருகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து கொடுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கேபிள் வயரில் அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்று. எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டச் சொல்லும் எலெக்ட்ரீஷியனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது உயிரோடு விளையாட்டு.

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் ஆர்சிஏ முனையையும் ஸ்பீக்கர் வயரின் செம்பையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் பச்சை பிடித்தால் இரைச்சலும் விட்டுவிட்டு ஒலிப்பதும் வரும். செம்பு முனையை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள், ஆர்சிஏவைக் கழற்றி நாலைந்து முறை திருகி மாட்டுங்கள்.

“சார், கொஞ்சம் குறைச்சுக்கங்களேன்”

கீழ் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கும். உங்கள் தரைதான் அவர் கூரை. சப்புக்கு அடியில் கனமான ரப்பர் அல்லது ஃபோம் மெத்தை போட்டால் பெட்டியின் அதிர்வு நேராகத் தரைக்கு இறங்குவது குறையும். காற்று வழியாகப் போய்க் கூரையை அசைக்கும் பேஸ் அதனால் குறையாது. அதற்கு அளவைக் குறைப்பது ஒன்றே வழி. சப்பை உங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் குறைந்த கெயினிலேயே உங்களுக்குப் போதுமான பேஸ் கிடைக்கும், தூரத்தை ரிசீவரில் மாற்றிக் கொடுக்க மறக்காதீர்கள்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை எல்லை 45 டெசிபல். அந்த அளவீட்டில் பயன்படும் ஏ எடை (காது கேட்கும் விதத்துக்கேற்ப அளவைத் திருத்தும் கணக்கு) 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 30 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். அதனால் மொபைல் ஆப்பில் 45 காட்டுகிறது என்று அவரிடம் வாதாடாதீர்கள். அவர் படுக்கையறையில் ஒரு முறை நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மெதுவாகப் பார்க்கும்போது சப் தானாக அணைந்துவிடுகிறது

சப்பில் ‘ஆட்டோ’ என்று இருக்கும் சுவிட்சை ‘ஆன்’ ஆக்குங்கள். அது இல்லாத மாடலில் சப்பின் கெயினைக் கொஞ்சம் குறைத்து, ரிசீவரில் சப் அளவை அதே அளவு ஏற்றுங்கள். சிக்னல் வலுவாக வருவதால் சப் விழித்துக்கொள்ளும். படம் முடிந்ததும் பிளக்கில் நிறுத்திவிடுங்கள்.